அமலி டீச்சரின் உதாரண வாக்கியங்கள்

இருபது வருஷம் டவுன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, இப்போது மாதாமுனையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்த அமலி டீச்சர் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி, அதற்கு ஒரு உதாரண வாக்கியமும் சொல்லிவிட்டால், மறுநாள் பொழுது சாய்வதற்குள் அது அப்படியே நடந்துவிடும் என்பது ஊருக்குப் பிடிபட மொத்தம் மூன்றே நாள்தான் ஆயிற்று. முதல் நாள் ‘ஹிக்கப்’ என்றால் விக்கல் என்று சொல்லி, எல்லா வாத்தியார்மாரும் செய்வதுபோல முன்பெஞ்சில் இருந்தவன் பேரையே போட்டு, “கஸ்பார் ஹேஸ் ஹிக்கப்ஸ்” என்றாள். மறுநாள் முழுக்கக் கஸ்பார் விக்கிக்கொண்டே கிழிந்த வலையைப் பொத்தினான். இரண்டாம் நாள் ‘ட்வின்ஸ்’ என்றால் இரட்டைப் பிள்ளை என்று சொல்லி, அப்போது ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்க நடந்துபோன சூசையம்மாள் பேரைப் போட்டாள். ஸ்கேனில் ஒன்று என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்த சூசையம்மாளுக்கு இரண்டு பிறந்தது, இரண்டும் நல்ல கனத்தில். மூன்றாம் நாள் ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்ற வார்த்தைக்கு, கூப்பிட்டால் வராத ஒரு லைன்மேன் பேரைப் போட்டாள். அவர் மறுநாள் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர், இதைவிடப் பெரிய கூத்தையெல்லாம் பார்த்திருக்கிறது. “டீச்சருக்கு நாக்குல என்னமோ உக்காந்திருக்கு, இருந்துட்டுப் போவுது” என்று சொல்லிவிட்டு, அதை எப்படிப் புழங்குவது என்றுதான் ஊர் யோசித்தது. யோசித்துச் சோதித்துப் பார்த்ததில் சில விவரங்கள் தெரிந்தன. கேட்கிற ஆளுக்கு வார்த்தை புதுசாக இருக்க வேண்டும். அர்த்தம் ஏற்கெனவே தெரிந்தவன் காதில் அது எரிந்த தீக்குச்சி, எவ்வளவு உரசினாலும் பற்றாது. டீச்சர் டிக்ஷனரியைப் பிரித்து எடுத்த வாய்க்குள் நுழையாத வார்த்தைகள் ஒன்றும் பலிக்கவில்லை, நாள்தோறும் புழங்குகிற சாதாரண வார்த்தைதான் பலித்தது. ஒரு வாக்கியத்தில் ஒரு பேர்தான் போட முடியும். ‘ப்ரைஸ்’ என்ற வார்த்தைக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் பேரைச் சேர்த்துப் போட்டதில், கோயில் திருவிழாக் குலுக்கலில் ஒருத்திக்குக் குக்கரும் மற்றவளுக்கு அதன் மூடியும் விழுந்து, இரண்டு பேரும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

மரபுத்தொடர்களும் பலித்தன. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ சொல்லிக்கொடுத்த அன்று தெருவில் பாதிப் பேர் கோணிச் சாக்கோடு வானத்தைப் பார்த்து நின்றார்கள். வெறும் மழைதான் கொட்டியது, நனைந்ததுதான் மிச்சம். வார்த்தை எப்படி இருந்தாலும் அர்த்தம்தான் நடக்கும் என்று அன்று தெரிந்துகொண்டு, சாக்கை மடித்து உள்ளே வைத்தார்கள்.

அப்போ கெட்ட வார்த்தைகளை என்ன செய்வது? பாடப் புத்தகத்தில் ‘ஆக்சிடென்ட்’ இருக்கிறது, ‘ஃபீவர்’ இருக்கிறது, ‘தீஃப்’ இருக்கிறது. கப்பல் வேலைக்கு இன்டர்வியூ போகிறவன் எதையும் விட்டுவிட்டுப் படிக்க முடியாது. அதற்கும் ஊரே வழி கண்டுபிடித்தது: கல்லறையில் இருக்கிறவர்கள் பேரைப் போடுவது. செத்தவருக்குக் காய்ச்சல் வந்து என்ன ஆகப்போகிறது? ஊரின் கெட்டதையெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்தவர்கள் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு, யாரென்றே தெரியாத கல்லறைகளுக்கும் ஊர் சேர்ந்து மெழுகுதிரி ஏற்றியது. “நமக்காவ எம்புட்டுத் தாங்குதாவ, பாவம்” என்று கிழவிகள் கும்பிட்டார்கள்.

நல்ல வார்த்தைகளுக்குத்தான் அடிதடி. வகுப்பு நடக்கிற சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படி வரைக்கும் கூட்டம் நிற்க, யார் பேர் வருகிறது என்று கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்று ஊரே முறையிட, கடைசியில் மொட்டை மாடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். எல்லாக் காதிலும் ஒரே நேரத்தில் வார்த்தை விழுந்தது. விழுந்த வார்த்தை அதோடு தீர்ந்தது. ‘ரிட்டர்ன்’ என்ற வார்த்தை, இரவல் போன ஒரு கிரைண்டர் திரும்பி வந்ததில் தீர்ந்தது. ‘ஃபைண்ட்’ ஒரு கம்மலுக்கு. ‘அரைவ்’ ஒரு கேஸ் சிலிண்டருக்கு. ‘சேஃப்’ ஒரு முருங்கை மரத்துக்கு, காற்றில் அது சாயக்கூடாது என்று. ‘ரெஸ்க்யூ’ என்றால் காப்பாற்றி மீட்பது என்று டீச்சர் சொன்ன அன்று, பாத்திமாவின் ஆடு பஞ்சாயத்துக் கிணற்றில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது, அதையே போட்டாள். ஆடு மீண்டது. ஊர் கைதட்டியது.

அமலிக்கு மட்டும் அன்றிலிருந்தே வீட்டில் வாயைத் திறக்கப் பயம். உப்புக்கும் புளிக்கும் கூடக் கையைக் காட்டுவாள். புருஷன் லூர்தையா, விசைப்படகு ஓட்டும் தண்டல், நல்ல மனுஷன், சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்து, “ஏட்டி, என்னயப் பத்தி ஒண்ணும் சொல்லிராத, நான் இப்படியே நல்லாத்தான் இருக்கேன்” என்று சிரிப்பார். அவளும் அவர் பேரை எந்த வாக்கியத்திலும் போட்டதில்லை. நல்லதுக்கும் போட்டதில்லை. ஒரு பேரை ஒரு தரம் இழுத்துவிட்டால் அது பழகிவிடும் என்று ஒரு பயம் அவளுக்கு.

கார்த்திகை மாதம் லூர்தையாவின் லாஞ்சு, கடலிலேயே நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போனது. ஐந்து நாளில் திரும்ப வேண்டியது. மூன்றாம் நாள் புயல் எழும்பிற்று. எட்டாம் நாள் வரைக்கும், “வேற கரையில ஒதுங்கியிருப்பாவ” என்றார்கள்.  பத்தாம் நாள், தேடப்போன பெரிய கப்பல் வெறுங்கையோடு திரும்பிவிட்டது என்று செய்தி வந்தது. லாஞ்சில் இருந்த தண்ணீர் அதற்கு மேல் தாங்காது என்று கணக்குத் தெரிந்தவர்கள் கரையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். லாஞ்சில் போனது ஐந்து பேர் என்று ஊர் சொன்னது: லூர்தையா, தொம்மை, இன்னாசி, சந்தியாகு, மிக்கேல். ஐந்து வீட்டிலும் உலை வைக்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் நாலு வீட்டுப் பெண்களும் அமலியின் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் லூர்தையாவின் அக்கா வியாகுலம் வந்து நின்றுகொண்டிருந்தாள். யாரும் அழவில்லை, அழுது முடித்திருந்தார்கள்.

“டீச்சர், ஒரு வார்த்த சொல்லுங்க” என்றாள் தொம்மையின் பெண்டாட்டி. “உங்க வாயால ஒரே ஒரு வார்த்த.”

“எந்த வார்த்தயச் சொல்ல? எல்லாத்தையும்தான் ஆட்டுக்கும் கிரைண்டருக்கும் குடுத்துட்டமே! உங்க எல்லாருக்கும் ரெஸ்க்யூன்னா என்னன்னு தெரியுமே!” என்று அமலி தலையில் அடித்துக்கொண்டாள்.

“தெரியாதவுகளத் தேடுவோம்” என்றாள் வியாகுலம்.

அதுதான் ஒரே வழி. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவரலாம் என்றால் புயலுக்குப் பிறகும் விடாத மழையில் முந்தின ராத்திரி தரைப்பாலம் முங்கி, ஊர் தீவாகக் கிடந்தது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. ஊருக்குள்ளேயே, ‘ரெஸ்க்யூ’ என்ற வார்த்தை காதில் விழாத ஐந்து பேர் வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பேர். நேற்றுவரை இங்கிலீஷ் தெரியாதவனை ஏளனமாகப் பார்த்த ஊர், அன்று காலையில் தெரியாதவன் எங்கே, தெரியாதவன் எங்கே என்று வீடு வீடாகக் கதவைத் தட்டியது. “எனக்குத் தெரியாது” என்று நாலைந்து பேர் பொய்யாகவே முன்னால் வந்தார்கள், உதவி செய்கிற ஆசையில்; அவர்கள் கண்ணைப் பார்த்ததும் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தையைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் கிணற்று ஆடு வந்து நின்றது.

முதல் ஆள் பிலவேந்திரம் அம்மாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, ஸ்பீக்கர் அவளை ஒன்றும் செய்திருக்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அமலி அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து, தொம்மையின் பேரைச் சொன்னாள். பிலவேந்திரம் அம்மாள் தலையை ஆட்டினாள். அடுத்தது முந்தாநாள்தான் ஜெயிலிலிருந்து வந்து, வெட்கத்தில் வெளியே தலைகாட்டாமல் கிடந்த ஒரு ஆள். அவன் இன்னாசியின் பேரைக் கேட்டுக்கொண்டு, “நம்மளாலயும் ஒரு நல்லது நடக்குதே டீச்சர்” என்று அழுதுவிட்டான். மூன்றாவது, புயலுக்கு முதல் நாள் வாழ்க்கைப்பட்டு வந்த சாத்தான்குளத்துப் பெண். கழுத்தில் மஞ்சள் காயாமல் நின்ற அந்தப் பிள்ளை காதில் சந்தியாகுவின் பேர் விழுந்தது.

நாலாவது ஆள்தான் பெரும்பாடு. புலவர் அந்தோணிமுத்து. இங்கிலீஷ் காதில் விழக்கூடாது என்று தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்கிறவர்.

“எழுபது வருஷமாகக் கட்டிக் காத்த செவி ஐயா இது” என்றார் புலவர்.

“ஒரே ஒரு வார்த்த, மாமா” என்று மிக்கேலின் பெண்டாட்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டுட்டு மறந்துருங்க.”

புலவர் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சை எடுத்தார். ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தார். அமலி சொன்னாள். அவர் முகம் கசப்பு மருந்து குடித்ததுபோல ஆகி, அர்த்தம் புரிந்ததும் மெதுவாக இளகியது. “மிக்கேல் வந்து சேரட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடி பஞ்சை வைத்துக்கொண்டார்.

நாலு ஆயிற்று. மணி மூன்று. ஐந்தாவது ஆள் இல்லை.

“ஒன்ன யாருட்டி கடைசியில போடச் சொன்னது?” என்று வியாகுலம் கத்தினாள். “மொதல்ல எந் தம்பி பேரச் சொல்லியிருக்க வேண்டாமா? பெரிய தியாகி!”

“மைனி, வார்த்த எங் கையில இருக்கு. எம் புருஷன மொதல்ல போட்டா இந்த நாலு பொம்பளயும் என் மூஞ்சியில முழிப்பாளுவளா?”

“இப்ப நான் யாரு மூஞ்சியில முழிக்க?”

அமலி தெருவில் இறங்கினாள்.  தெருத்தெருவாக ஓடினார்கள். தொட்டில் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தாள், அது சிரித்தது, ஒன்றும் ஏறவில்லை. மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குத் தெரியும், டெய்லருக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரனுக்கு ஸ்பெல்லிங்கோடு தெரியும். நாலரை மணிக்கு மழை மூட்டம் கட்டிக்கொண்டது. எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்ட ஒரு ஊரில், தான் கற்றுக்கொடுத்த வார்த்தையே தன் கழுத்தைப் பிடிக்கிறது என்று நினைக்க நினைக்க அமலிக்குத் தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம்போல ஆத்திரம் வந்தது.

“ஏட்டி, ஐஸ் கம்பெனி!” என்று வியாகுலம் திடீரென்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “அங்க ஒரு வடக்கத்தியாள் உண்டுல்லா? அந்த மெஷின் போடுத எரைச்சல்ல அவனுக்கு ஸ்பீக்கரு எங்கிட்டுக் கேட்டிருக்கும்?”

ஐஸ் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் மெஷின் நின்று போயிருந்தது. ஒரிசாவிலிருந்து வந்து வேலை பார்த்த ஏழு பேரில் ஐந்து பேர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த கைலாஷ், நாற்பது வயது தாண்டிய மனுஷர், அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்க, பாதி உருகிய ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீச்சரையும் அவள் பின்னால் அத்தனை பெண்களையும் பார்த்ததும் எழுந்து நின்றார். அவருக்குத் தமிழ் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அமலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தமிழில் அர்த்தம் சொல்ல வழியில்லை என்பதால் செய்துதான் காட்டவேண்டும். அடுப்புப் பக்கம் கிடந்த தீப்பெட்டியை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டாள். கையால் தண்ணீரை அலைத்தாள். தீப்பெட்டி ஆடியது, கவிழ்ந்தது, முங்கி முங்கி எழுந்தது. கைலாஷ் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அமலி இரண்டு விரலால் அதை மெல்ல எடுத்தாள், முந்தானையில் ஒற்றித் துடைத்தாள், காய்ந்த தரையில் பத்திரமாக வைத்தாள். “ரெஸ்க்யூ” என்றாள்.

கைலாஷ் முகத்தில் வெளிச்சம் வந்தது. புரிய ஆரம்பித்துவிட்டது. தீப்பெட்டியைப் பார்த்தார், கடல் இருக்கிற திசையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். “சுதாம்?” என்று கேட்டார்.

அமலிக்கு விளங்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். சார்ஜ் தீரப்போகிற அந்தப் போனில் ஒரு படம்: லாஞ்சின் முன்னால் லூர்தையா நிற்கிறார், அவர் கை இன்னொருவர் தோள்மேல் கிடக்கிறது. தடித்த மீசை, நெற்றியில் ஒரு தழும்பு. கைலாஷ் அந்த முகத்தில் விரலை வைத்து, “சுதாம்” என்றார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, இடுப்பு உயரத்துக்குக் கையைத் தாழ்த்தினார். இரண்டு பெண்பிள்ளைகள், இத்தனை உயரம்.

அந்த ஏழு பேரில் இன்னொருவர், லாஞ்சில் சமைக்கவும் வலை இழுக்கவும் போகிற ஆள். வடக்கத்தியாள் யாரானாலும் கூப்பிடுவதுபோல, ஊரில் எல்லாரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அமலியே தன் வீட்டு வாசலில் அந்த மனுஷருக்கு மூன்று தடவை டீ கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவர் பேரைக் கேட்டதில்லை. லாஞ்சில் போனது ஆறு பேர். இந்தப் பதினோரு நாளும், இந்தக் கைலாஷ் ஒரு ஆளிடமும் கேட்கத் தெரியாமல், யாரும் வந்து சொல்லாமல், ஊரைப்போலவே காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“பேரச் சொல்லுட்டி!” என்று பின்னாலிருந்து வியாகுலம் அவள் முதுகில் குத்தினாள். “வார்த்த ஆறிரப் போவுது, பேரச் சொல்லு!”

கைலாஷின் கண்ணில் அர்த்தம் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி அடியில் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு அது எரிந்த குச்சி. ஒரு காதுதான் மிச்சம். ஒரு பேர்தான் போடலாம். சுதாம் என்கிற பேர் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது, அது உண்மை. ஆனால் எட்டு நாளாகத் தூங்காத கண்ணும், மூடிக் கிடக்கிற சோற்றுப்பானையும், கொடியில் இன்னும் மடிக்காமல் தொங்குகிற ஒரு கைலியும் அவளை நெருக்கின. தெரியாமல் சொன்னாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். தெரிந்துதான் சொன்னாள்.

“லூர்தையா வாஸ் ரெஸ்க்யூட்.”

கைலாஷ் அந்த வாக்கியத்தைப் பிரியமாக வாங்கிக்கொண்டார். நல்ல மாணவர். திருப்பிச் சொன்னார், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை தப்பில்லாமல். டீச்சருக்கும் பின்னால் நின்ற பெண்களுக்கும் வெந்த உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்து நீட்டினார். வியாகுலம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அமலி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே வீடுவரை நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் தூத்துக்குடிப் பக்கத்துப் படகு ஒன்று அவர்களைக் கொண்டுவந்து கரை சேர்த்தது. ஊரே கடற்கரையில் நின்றது. கோயில் மணி அடித்தது. தொம்மை இறங்கினான், இன்னாசி இறங்கினான், சந்தியாகுவைத் தூக்கி இறக்கினார்கள், மிக்கேல் இறங்கி மணலில் விழுந்து முத்தமிட்டான். கடைசியாக லூர்தையா. உதடு வெடித்து, கண் குழிவிழுந்து, ஆளே பாதியாகிப் போயிருந்தார். அமலி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கை கையாகவே இருந்தது, சூடாக இருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

லூர்தையா அவளைப் பார்க்கவில்லை. “முந்தாநா லாஞ்சு முங்கிட்டு. ஆறு பேரும் ஐஸ்பெட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம், அமலி” என்றார்.  “நான் ரெண்டு தடவ கைய விட்டேன். பாய்தான் ரெண்டு தடவயும் முடியப் பிடிச்சுத் தூக்குனான். இன்னைக்குக் காலையில இந்தப் படகு வந்து கயிறு போட்டாவ. எங்க அஞ்சு பேருக்கும் பிடி கெடச்சுது. அவனும் கைய நீட்டுனான். நல்லாத்தான் நீட்டுனான். ஏன் எட்டலன்னு தெரியல, கயிறு அவன் கை பக்கத்துலதான் கெடந்துது.”

அமலிக்கு ஏன் என்று தெரியும். அவள் அவர் கையை விடவில்லை. கூட்டம் லூர்தையாவைச் சூழ்ந்து, தண்ணீர் கொடுத்து, தோள்மேல் போர்வை போட்டு, அப்படியே ஐந்து பேரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு நகர்ந்தது. வியாகுலம் தம்பியைக் கட்டிக்கொண்டு போனாள். அமலி மட்டும் அவர் கையை விட்டுவிட்டுக் கரையிலேயே நின்றாள்.

கைலாஷ் வந்திருந்தார். முகம் மழித்து, பெட்டியில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நடந்துபோகிற ஐந்து பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். படகுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். படகுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அமலியிடம் வந்தார். அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. மனசுக்குள் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இருபது வருஷமாகப் பார்த்த அசைவு அது. பேரை எடுத்துவிட்டு வேறு பேர் போடவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்திருந்தார்.

“சுதாம்… வாஸ்… ரெஸ்க்யூட்?”

கேட்டுவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று எல்லா மாணவர்களும் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. இருபது வருஷமாக, குறையில்லாத வாக்கியத்தைக் கேட்டால் அமலி டீச்சரின் தலை தன்னால் ஆடிவிடும். அன்றும் ஆடிவிட்டது. ஐயோ, இல்லை, என்று அவள் கையை எடுப்பதற்குள் கைலாஷ் இரண்டு கையையும் கூப்பி அவளைக் கும்பிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, ஈர மணலில் விரித்து, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.